மிளகாய் ஆகாத இலை

என் மனைவி மிளகாய் வறுத்துக்கொண்டிருந்தபோது இறந்தாள்.

முன்னறையில் நாளிதழைப் பிரித்து வைத்திருந்த எனக்கு முதலில் இருமல் வந்தது. வழக்கமான இருமல்தான். "என்ன, ஊரையே வெரட்டப் போறியா?" என்று வழக்கமான கேள்வியைக் கேட்டேன். வழக்கமான பதில் வரவில்லை. நெடி மட்டும் மேலும் மேலும் வந்தது. எழுந்து போய்ப் பார்த்தபோது வாணலியில் மிளகாய் கரிந்து கறுத்திருந்தது. அவள் அடுப்படித் தரையில் ஒருக்களித்துக் கிடந்தாள். அடுப்பை அணைத்துவிட்டுத்தான் அவளைத் தொட்டேன். வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் ஓய்வு பெறும்வரை வருவாய்த் துறையில் இருந்தவன். எதை முதலில் செய்ய வேண்டும் என்பது என் கைக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு ஒரு வருடம், முற்பகலில், எதிர்ப் பள்ளிக்கூடத்தில் இடைவேளை மணி அடித்த கொஞ்ச நேரத்தில், வீட்டில் மிளகாய் வறுக்கும் நெடி வந்துகொண்டிருந்தது.

புகார் என்று வந்தால் முதலில் தல விசாரணை. அடுப்பு சில்லென்றிருந்தது. எனக்கு மெஸ்ஸிலிருந்து கேரியரில் சாப்பாடு வருகிறது. அந்த அடுப்பில் காபியைத் தவிர வேறெதுவும் நான் வைத்ததில்லை. அடுப்படி ஜன்னலுக்கு நேர் எதிரே, மதிலுக்கு அந்தப் பக்கம், பக்கத்து வீட்டு நர்ஸம்மாவின் அடுப்படி. அவரும் ஓய்வு பெற்றவர், தனியாக இருப்பவர், நன்றாகச் சமைப்பவர். ஆகவே நெடியின் பிறப்பிடம் அந்த வீடு என்று முடிவு செய்து கோப்பை மூடினேன். நான் பேயை நம்புகிறவன் அல்ல. பட்டா மாறுதலுக்கு இறந்தவர்களே கையெழுத்துப் போட்டு மனுக் கொடுத்ததை என் பணிக்காலத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன். எனக்குத் தெரிந்து இறந்தவர்கள் சுறுசுறுப்பாக இயங்கிய இடம் அது ஒன்றுதான்.

ஒன்று மட்டும் கோப்புக்குள் அடங்கவில்லை. மழை பெய்து ஜன்னலைச் சாத்திய நாட்களிலும் நெடி வந்தது. அது ஒருநாளும் கருகும் கட்டத்துக்குப் போகவில்லை. பதமாக வறுபட்டதும் நின்றுவிடும், யாரோ சரியான நேரத்தில் வாணலியை இறக்கி வைத்ததுபோல.

அவள் மணமேல்குடிப் பக்கத்துக்காரி. அங்கே அவள் வீட்டுக் கொல்லையில் குண்டு மிளகாய் போடுவார்கள். காய்கிற காலத்தில் தார்ரோட்டில் பாதி சிவந்து கிடக்கும். பஸ் மீதிப் பாதியில் போகும். கல்யாணமாகி வந்த புதிதில் எங்கள் வீட்டுச் சாம்பாரை ஒரு வாய் வைத்துவிட்டு, "ஏங்க, இங்க யாருக்கும் ஒடம்பு சரியில்லையா?" என்று கேட்டாள். மறுநாளே வாணலியை எடுத்துவிட்டாள். வறுத்த மிளகாய், உப்பு, புளி, பூண்டு. அந்தத் துவையல் இல்லாமல் அவளுக்குச் சோறு இறங்காது. காய்ச்சல் வந்தால் ரொட்டிக்கும் அதுதான்.

அப்படிப்பட்டவள் வருடத்தில் இரண்டு நாள் மிளகாயைத் தொடாமல் சமைத்தாள். என் அப்பாவின் தெவசம், என் அம்மாவின் தெவசம். எங்கள் வழியில் தெவசத்துக்கு மிளகாய் ஆகாது. தக்காளி ஆகாது. உருளைக்கிழங்கு, முட்டைக்கோசு, காரட் எதுவும் ஆகாது. காரத்துக்கு மிளகு, காய் என்றால் நாட்டுக்காய். வாழைக்காய், அவரை, பாகல், சேனை, சக்கரவள்ளிக்கிழங்கு. எங்கள் தெருவிலேயே மற்ற வீடுகளில் செத்தவருக்குப் பிடித்ததைத்தான் படைக்கிறார்கள். கோழிக் குழம்பு, சுருட்டு, சமயத்தில் மூடி திறந்த குவார்ட்டர். என் மாமனாருக்கு வருடா வருடம் மீன் குழம்பு. எங்கள் வீட்டு முன்னோருக்கு மட்டும் ஆஸ்பத்திரிச் சாப்பாடு.

காரணம் கேட்டால் யாருக்கும் தெரியாது. அரசாணையில் காரணமா இருக்கும்? 'மேற்கண்டவாறு ஆணையிடப்படுகிறது' என்று இருக்கும். இதுவும் அப்படித்தான் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

ஒரு தெவசத்தன்று எல்லாம் முடிந்து பாத்திரம் விளக்கும்போது அவள் சொன்னாள்: "ஏங்க, நான் போனா எனக்கு இந்த மிளகுச் சோத்தப் போட்டுறாதீங்க. அங்கிட்டுப் போயும் என்னால பட்டினி கெடக்க முடியாது." அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த மகள் சிரித்தாள். விதியில் இடமில்லை என்று நானும் சிரித்தேன்.

எங்களுக்கு ஒரே மகள். கார் உதிரிபாகக் கம்பெனி ஒன்று அவளை மெக்சிகோ நகரத்துக்கு அனுப்பியிருந்தது. அம்மா இறந்த அன்று அவளுடைய பாஸ்போர்ட், தங்கும் அனுமதியைப் புதுப்பிப்பதற்காக, அங்கே ஏதோ ஓர் அலுவலகத்தில் கிடந்தது. யாரிடம் மனு, எங்கே மேல்முறையீடு, எந்த மேசையில் கோப்பு தூங்கும் என்பதெல்லாம் எனக்கு இந்த ஊரில் அத்துப்படி. அன்று எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அவளால் வர முடியவில்லை. நேரம் வேறு குழப்பம். இங்கே புதன்கிழமை முற்பகல் ஆனபோது அங்கே செவ்வாய்க்கிழமை இரவு இன்னும் முடியவில்லை. "ஒங்களுக்குத்தாம்ப்பா புதன். எனக்கு அம்மா செவ்வாக்கெழமையே போயிட்டாங்க" என்று பிறகொரு நாள் சொன்னாள்.

மறுநாள் காலை எடுத்தோம். என் அக்கா வல்லத்திராக்கோட்டையில் இருக்கிறாள். எங்கள் வீட்டுச் சடங்குகளுக்கு அவள்தான் இறுதி அதிகாரி. மகளைக் காட்டுவதற்காக அக்காவின் மகன் செல்போனோடு கிளம்பியபோது அவள் வழிமறித்தாள். "பொம்பளப் புள்ள சுடுகாட்டுக்குப் போகக்கூடாதுன்னா செல்லுல மட்டும் போகலாமா?" என்றாள். செல்போனுக்குத் தடை எதுவும் இல்லை என்று நான் தீர்ப்புச் சொன்னேன்.

கொள்ளி என் கைக்கு வந்த நேரம், அந்தச் செல்போனுக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. மெல்லத் தொடங்கி, உயர்ந்து, நீண்டு, பிறகு தேய்ந்து கீழே இறங்கும் ஓர் ஊதல். ரயில் இல்லை. சங்கும் இல்லை. தொண்டை உள்ள எதுவும் அவ்வளவு நேரம் மூச்சுப் பிடித்து அழ முடியாது. எரிக்கிறவர் விறகும் கையுமாகத் திரும்பிப் பார்த்தார். மகளின் முகம் திரையில் அசையாமல் இருந்தது. அது என்ன என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. ஆனால் அந்த ஊதல் என்னோடு வீடுவரை வந்தது. படுத்தால் காதுக்குள் தொடங்கி, உயர்ந்து, தேய்ந்தது.

அந்த வருடம் முழுக்க மகள் தினமும் கூப்பிட்டாள். அம்மாவைப் பற்றிப் பேசமாட்டாள். சாப்பாட்டைப் பற்றித்தான் பேசுவாள். அவள் குடியிருந்தது ஒரு வயதான அம்மாளின் வீட்டு மாடியில். முதல் முறை கீழே அடுப்படியில் காய்ந்த மிளகாயை மண் ஓட்டில் போட்டு வாட்டுகிற நெடி வந்தபோது, தான் படியில் உட்கார்ந்துவிட்டதாகச் சொன்னாள். அன்றிலிருந்து அந்த அடுப்படியிலேயே கிடந்தாள்.

மிளகாய் பிறந்த ஊரே அதுதான் என்றாள். உலகத்தில் வேறெங்கும் இல்லாத காலத்தில் அங்கே இருந்ததாம். கப்பல்காரர்கள் எடுத்துவந்து இங்கே இறக்கியிருக்கிறார்கள். தக்காளியும் அந்தப் பக்கத்துக் கண்டத்திலிருந்து வந்ததுதான். மக்காச்சோளம் அங்கே சாமி மாதிரி. அதைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து, தோலைக் கழுவி, காலுள்ள அம்மியில் அரைத்து, கையால் தட்டி ஓட்டில் போடுகிறார்கள். சாக்லேட் என்பது முதலில் தின்பண்டமே இல்லையாம். சர்க்கரை இல்லாமல், சமயத்தில் மிளகாயும் சேர்த்து, நுரைக்க ஆற்றிக் குடித்த கசப்புத் தண்ணியாம். "நம்ம ஊர்ல தண்டவாளத்து ஓரமா நிக்குமே கத்தாழை, அதோட சொந்தக்காரன் இங்க ஆள் ஒசரத்துக்கு இருக்குப்பா. நடுவுல குடைஞ்சு விட்டா தண்ணி ஊறுது. புளிக்க வச்சா வெள்ளையா, கொழகொழன்னு. கள்ளுதான்," என்றாள். குடித்துப் பார்த்தாயா என்று கேட்டேன். லைன் சரியில்லை என்றாள்.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. தெவசத்துக்கான விதி எழுதப்பட்டபோது மிளகாய் இங்கே வந்து சேரவில்லை. வந்தது பிறகு. பிறகு வந்தது எதுவும் பட்டியலில் இல்லை. திருத்த ஆணை போட ஆள் இல்லை. பல நூறு வருடமாக ஒவ்வொரு வீட்டு அடுப்படியிலும் குந்தியிருக்கிற மிளகாய்க்கு அனுபோகம் இருக்கிறது, பட்டா இல்லை. இந்த மாதிரி வழக்குகளில் என் பரிந்துரை எப்போதும் பட்டா கொடுக்கலாம் என்பதுதான். மேலே இருப்பவர்கள் கேட்கமாட்டார்கள். இந்த வழக்கில் மேலே இருப்பவர்கள் உண்மையிலேயே மேலே இருப்பவர்கள்.

நவம்பர் தொடக்கத்தில் அங்கே இறந்தவர்களுக்கான நாள் வந்தது. வீட்டுக்கார அம்மாள் மேசையில் மஞ்சள் பூவைப் பரப்பி, தன் கணவரின் படத்துக்கு முன்னால் அவருக்குப் பிடித்ததையெல்லாம் வைத்தார். என் மகளிடமும் படம் கேட்டிருக்கிறார். "ஒங்க அம்மாவுக்கு என்ன பிடிக்கும்னு கேட்டாங்கப்பா. மிளகான்னேன். அவங்க சிரிக்கல. ஆச்சரியமும் படல. எடுத்து வச்சிட்டாங்க." பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீர், தூரத்திலிருந்து வருகிறவர்களுக்குத் தாகமாக இருக்கும் என்பதற்காக. காலையில் தண்ணீர் கொஞ்சம் குறைந்திருந்ததாகச் சொன்னாள். அறைச் சூட்டில் தண்ணீர் வற்றுவது இயற்கை என்றேன். அந்த நாளில் இங்கே நெடி வந்ததா என்று எனக்குத் தெரியாது. அன்று கல்லறைத் திருநாள். பூக்கூடையைத் தூக்க ஆள் வேண்டுமென்று நர்ஸம்மா என்னையும் அழைத்துப் போய்விட்டார். வீட்டில் இல்லாத நேரத்துக்கு நான் சாட்சி சொல்ல முடியாது.

தை பிறந்தது. வருடத் தெவசத்துக்கு மகள் வந்து சேர்ந்தாள். டாக்ஸி ஓட்டுநர் பெட்டியை இறக்கி வைப்பதற்குள் நேராக அடுப்படிக்குப் போனாள். அம்மா கிடந்த இடம் எது என்று கேட்டாள். காட்டினேன். அதே நேரத்தில் எதிர்ப் பள்ளியில் மணி அடித்தது. கொஞ்சம் பொறுத்து நெடி வந்தது.

"யாருப்பா வறுக்கிறா?"

பக்கத்து வீடு என்றேன். அவள் "ம்" என்றாள். நெடி நிற்கும்வரை அந்த இடத்தைவிட்டு நகரவில்லை. முன்தினமே வந்துவிட்ட அக்கா முன்னறையில் அடுக்கடுக்காகத் தும்மிவிட்டு, வீடு கூட்டிப் பல நாளாகிறது என்று என்னைக் குறை சொன்னாள்.

தெவசத்துக்கு முந்தின மாலை காய் நறுக்க உட்கார்ந்தபோது மகள் அதைக் கேட்டாள். ஒரே ஒரு வறுத்த மிளகாய். இலை ஓரத்தில். குழம்பில் வேண்டாம், பொரியலில் வேண்டாம்.

அக்கா கத்தியைக் கீழே வைத்தாள். "மிளகா வாடை பட்டா பெரியவங்க வாசலோட திரும்பிருவாங்கத்தா. ஒங்கம்மா ஒருத்திக்காக ஒம் பாட்டி பூட்டி எல்லாரும் பட்டினி கெடக்கவா?"

"அப்ப எங்கம்மா மட்டும் கெடக்கலாமா அத்தை? நான் ஒரு வாய்த் தண்ணிகூட ஊத்தல. அவங்களுக்கு நான் போடுற மொத சோறு இது."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். என் பணிக்காலம் முழுவதும் என்னை இப்படித்தான் பார்த்திருக்கிறார்கள், இரு தரப்பும்.

நான் விதியைச் சொன்னேன். இறந்தவர் ஒரு வருடம் வரை எங்கேயும் சேராதவர். பழைய இடத்திலிருந்து விடுவித்தாகிவிட்டது, புது இடத்தில் பொறுப்பேற்கவில்லை. நாளைக்குத்தான் அவளை என் அம்மாவோடும் அதற்கு முன்னால் போனவர்களோடும் சேர்க்கிறோம். பந்தியில் மூத்தவர்களுக்கு ஆகாததை இளையவளுக்கு வைத்து, அவர்கள் எழுந்து போய்விட்டால், இவள் நடுவழியில் நிற்பாள். ஆகவே மிளகாய் வேண்டாம்.

சொல்லும்போதே எனக்கு இன்னொன்றும் தெரிந்திருந்தது. அவள் அங்கே சேர்ந்துவிட்டால் இங்கே நெடி நின்றுவிடும். கோப்பை மூடியவன்தான், பேயை நம்பாதவன்தான். இருந்தாலும் தெரிந்திருந்தது.

அக்கா வெற்றிலை போட எழுந்து போனாள். மகள் கூடையிலிருந்து சக்கரவள்ளிக்கிழங்கை எடுத்துத் தோல் சீவ ஆரம்பித்தாள். பாதியில் அவள் கை நின்றது. கிழங்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சத்தமில்லாமல் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, இதுவும் நாட்டுக்காயா?"

ஆமாம், என் அப்பத்தா காலத்திலிருந்து தெவசத்துக்கு வைக்கிறோம் என்றேன்.

"இதுவும் அங்கிட்டிருந்து வந்ததுதாம்ப்பா. மிளகா வந்த அதே வழிதான். அங்க பொழுது சாஞ்சா தள்ளுவண்டியில சுட்டு வித்துக்கிட்டு வருவாங்க. வண்டிக்குள்ளயே அடுப்பு, மேல ஒரு கொழாய். அந்த ஆவிய தெறந்துவிட்டா ஊதும். தெருவே கேக்கும்." கிழங்கைக் கீழே வைத்தாள். "நீங்க கேட்டிருக்கீங்க. அம்மாவ எடுத்த அன்னைக்கு. கொள்ளி வைக்கிறப்ப எங்க வாசல்ல வண்டி வந்துச்சு."

ஒரு வருடமாக என் காதுக்குள் இருந்த ஊதல் ஒரு கிழங்கு வண்டி. சொன்னதும் அது போய்விடும் என்று எதிர்பார்த்தேன். போகவில்லை. இப்போது அதற்கு ஒரு தெரு இருந்தது, வெந்த கிழங்கின் வாசனை இருந்தது, ஜன்னலோரம் செல்போனைப் பிடித்தபடி நின்ற என் மகள் இருந்தாள்.

வெற்றிலையோடு அக்கா திரும்பி வரும் காலடி கேட்டது. "அத்தைகிட்ட சொல்லாதே," என்றேன். தெரிந்தால் அந்த நிமிடமே கிழங்கும் பட்டியலிலிருந்து போய்விடும். உண்மையை மறைத்து நான் நடத்திய ஒரே விசாரணை அது.

மறுநாள் எல்லாம் முறைப்படி நடந்தது. ஐயர் இடையிடையே செல்போனில் அடுத்த வீட்டுக்கு நேரம் சொன்னார். என் அம்மாவின் பெயர், அவள் மாமியாரின் பெயர், அதற்கும் முந்தியவளின் பெயர். கடைசிப் பெயர் எனக்கு வரவில்லை, அக்கா எடுத்துக் கொடுத்தாள். சோற்று உருண்டைகளைச் சேர்க்கும்போது என் மனைவிக்குரியது விரலில் ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. எள்ளுத் தண்ணீர் விட்டதும் வந்துவிட்டது.

பிறகு மொட்டைமாடிச் சுவரில் காக்கைக்கு இலை வைத்தோம். மிளகுக் குழம்புச் சோறு, வாழைக்காய், அவரை, பாகல், ஓரத்தில் சக்கரவள்ளி.

காக்கை வரவில்லை.

அக்கா கூப்பிட்டாள். நான் கூப்பிட்டேன். எதிர்ப் பள்ளியின் தகரக் கூரையில் வரிசையாக உட்கார்ந்திருந்தன, ஒன்றும் அசையவில்லை. காக்கை எடுக்காமல் யாரும் சாப்பிட முடியாது. வராவிட்டால் பசுவுக்குக் கொடுக்கலாம், தண்ணீரில் விடலாம். மாற்று நடைமுறை எனக்குத் தெரியும். ஆனால் வாயைத் திறக்கவில்லை. மகள் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அம்மா," என்று ஒருமுறை மட்டும், பக்கத்து அறையில் இருப்பவளைக் கூப்பிடுவதுபோலச் சொன்னாள்.

ஒரு காக்கை இறங்கியது. மெலிந்த காக்கை. சோற்றைச் சுற்றி நடந்தது, குழம்பை அலகால் தொட்டுவிட்டுத் தலையை உதறியது. அவரையைத் தள்ளியது. பிறகு கிழங்குத் துண்டைக் கவ்விக்கொண்டு, எங்கள் மூவரையும் ஒரு கண்ணால் பார்த்துவிட்டுப் பறந்தது.

"எடுத்துட்டா," என்றாள் அக்கா. "கெழங்கத்தான் எடுத்தா. தம்பி, இனிமே வருசா வருசம் கெழங்கு மறக்கக்கூடாது."

மகள் என்னைப் பார்த்தாள். நான் வானத்தைப் பார்த்தேன். என் மனைவிக்குச் சக்கரவள்ளி அப்படியொன்றும் பிடிக்காது. இனிப்பாக இருக்கும் எதையும் சோறு என்று அவள் ஏற்றுக்கொண்டதில்லை. பசி வந்திருக்கும்.

மகள் மெக்சிகோ திரும்பினாள். அக்கா வல்லத்திராக்கோட்டைக்கு பஸ் ஏறினாள். மறுநாள் பள்ளியில் இடைவேளை மணி அடித்தது. நான் அடுப்படி வாசலில் நின்றேன். ஒன்றும் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. ஜன்னலைத் திறந்து வைத்தேன், சாத்தி வைத்தேன். எல்லாம் முறைப்படி நடந்திருந்தது. சேர்ந்துவிட்டாள்.

அந்த வாரக் கடைசியில் மதிலுக்கு அந்தப் பக்கம் நர்ஸம்மா துணி உலர்த்திக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நிமிர்ந்தார்.

"என்ன சார், ஒடம்பு சரியில்லையா? நாலஞ்சு நாளா மிளகா வறுக்கிற வாடையே காணோம்."

"எங்கேயிருந்து?" என்று கேட்டேன்.

"ஒங்க வீட்லேருந்துதான். வருசம் பூரா இண்டர்வெல் மணி அடிச்சா வறுப்பீங்களே. எனக்கு டாக்டர் காரம் தொடக்கூடாதுன்னு சொல்லி ரெண்டு வருசமாச்சு. அந்த வாடையிலதான் சார் நான் சோறே சாப்பிட்டுக்கிட்டு இருந்தேன்."

அவர் கையில் ஈரத் துணி சொட்டிக்கொண்டிருந்தது. ஏதாவது பதில் சொல்ல வேண்டும். "கொஞ்சம் லீவு போட்டிருந்தேன்," என்றேன்.

உள்ளே வந்து பரணில் தேடினேன். அவள் போன அன்றைக்கு யாரோ கழுவிக் கவிழ்த்து வைத்த வாணலி அங்கேதான் இருந்தது. அடியில் கரி போகவில்லை. மிளகாய் டப்பாவில் மணமேல்குடி குண்டு மிளகாய் இன்னும் பாதி இருந்தது. எவ்வளவு எண்ணெய், எவ்வளவு தீ என்று எனக்குத் தெரியாது. எந்த நேரத்தில் இறக்க வேண்டும் என்பது மட்டும் தெரியும். ஒரு வருடமாக அதைத்தான் மூக்கால் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எதிர்ப் பள்ளியில் மணி அடிக்கும்வரை காத்திருந்து, அடுப்பைப் பற்றவைத்தேன்.